எறிவதற்கென்றே அடித்த காசு

ஜஹாங்கீர் காலத்து வெள்ளிக் காசு அது. அளவில் நம் ஐம்பது பைசாவுக்குப் பக்கத்தில் வரும். மெலிசு. அதன் மேல் பாரசீக எழுத்து. கண்ணாடிக்குள் இதைவிடப் பெரியதும் பளபளப்பானதுமாக எத்தனையோ இருக்க, நான் இதன் முன்னால்தான் நின்றுவிட்டேன். இதற்கு நிசார் என்று பெயர். கடையில் கொடுத்துச் சாமான் வாங்க அடித்ததல்ல. அரசர் ஊர்வலம் போகும்போதும், பட்டம் ஏறும்போதும், பிறந்தநாள் அன்று தராசில் உட்கார்ந்து எழுந்த பிறகும் கூட்டத்தைப் பார்த்து அள்ளி வீசுவதற்காகவே அடித்தது.

வங்கியில் கேஷ் கவுண்டரிலேயே காலத்தை ஓட்டி ஓய்வு பெற்றவள் நான். பணம் என்றால் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போக வேண்டும், போகும்போது எண்ண வேண்டும், சாயங்காலம் புத்தகத்தோடு பொருந்த வேண்டும். பத்து ரூபாய் குறைந்தால் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. பத்து ரூபாய் கூடினாலும் முடியாது. (வெளியில் இருப்பவர்களுக்கு இந்த இரண்டாவதுதான் புரியாது.) அப்படிப்பட்டவளிடம் வந்து, எண்ணாமல் வீசுவதற்கென்று ஓர் அரசாங்கமே காசு அடித்தது என்றால் ஆச்சரியத்துக்கு முன்னால் எரிச்சல்தான் வரும். இதை எந்தத் தலைப்பில் செலவு எழுதியிருப்பார்கள்?

மதினி பாளையங்கோட்டையிலிருந்து வந்திருந்தார்கள். மும்பை சயானில் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம், அதற்காக. முந்தைய நாள் சும்மா வீட்டில் இருப்பானேன் என்று கேட்வேயைப் பார்க்கக் கூட்டிப் போனேன். கடற்கரை வெயிலில் அரை மணி நேரம் தாங்கவில்லை. அப்படித்தான் மியூசியத்துக்குள் நுழைந்தோம். இப்போதைய பெயர் சத்ரபதி சிவாஜி மகாராஜ் வஸ்து சங்கிரகாலயா. டாக்சிக்காரர்களுக்கு வெறும் 'மியூசியம்' போதும். 1905 நவம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டி, ஜார்ஜ் விட்டெட் வரைந்து கட்டிய கட்டடம். கட்டி முடிக்கும் நேரத்தில் முதல் உலகப் போர் வர, ராணுவ மருத்துவமனையாக இருந்துவிட்டு 1922 ஜனவரியில்தான் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். பக்கத்திலேயே ஜஹாங்கீர் ஆர்ட் கேலரி. அது வேறு ஜஹாங்கீர்: சர் காவஸ்ஜி ஜஹாங்கீர் என்ற பார்சிப் பிரமுகர், இறந்துபோன மகன் நினைவாகக் கொடுத்த பணத்தில் 1952-ல் வந்தது. மதினி இரண்டையும் ஒன்றாக்கி, "அப்போ அந்த ராசா இங்கனதான் இருந்தாரா?" என்று கேட்டார்கள். அவர் ஆக்ரா, அஜ்மீர், மாண்டு, லாகூர் என்று சுற்றிக்கொண்டிருந்தார், அப்போது பம்பாய் போர்த்துகீசியர் கையில் இருந்த மீன்பிடித் தீவு என்று சொன்னேன். "அப்போ இந்தக் காசு இங்க செல்லாது" என்றார்கள். காசாளருக்கு அண்ணியாக இருக்கும் தகுதி மதினிக்கு எப்போதுமே உண்டு.

ஜஹாங்கீருக்கு நாணயத்தின் மேல் தனி ஆசை இருந்திருக்கிறது. 1618 வாக்கில், நாணயத்தில் மாதத்தின் பெயரைப் பொறிப்பதற்குப் பதிலாக அந்த மாதத்து ராசியின் உருவத்தையே பொறிக்கலாமே என்று அவருக்குத் தோன்ற, ஆடும் காளையும் சிங்கமும் காசில் ஏறின. மொஹர் என்பது மொகலாயர் தங்கக் காசு. 1613-ல் ஆக்ராவில் ஒரே நாணயமாக ஆயிரம் மொஹர் தங்கத்தில் அடித்தார்கள்: கிட்டத்தட்ட 12 கிலோ, குறுக்களவு 20 செ.மீ. அதை எந்தக் கல்லாவில் போடுவது! அதுவும் செலவழிக்க அல்ல, பெரிய மனிதருக்குப் பரிசாகத் தர.

நிசார் இதற்கு நேர் எதிர்க்கோடி. முழு மொகலாய ரூபாய் 11 கிராமுக்குச் சற்று மேல் இருக்கும். நிசார் பெரும்பாலும் அதில் பாதி அல்லது கால் எடை. ஜஹாங்கீரோடு நிற்கவில்லை, ஷாஜஹானும் ஔரங்கசீப்பும் இதை அடித்திருக்கிறார்கள். பொறுக்கியவன் வீட்டில் வைத்துக் கும்பிட வேண்டும் என்றில்லை. நல்ல வெள்ளி, நிறுத்தால் அதற்குரிய விலை வரும். ஆனால் அடித்த நோக்கம் அந்த ஒரு சில நொடிகளுக்காக. கையை விட்டுக் கிளம்பி, வெயிலில் மின்னி, தரையில் விழுந்து, கூட்டம் குனிவதற்குள் அதன் வேலை முடிந்துவிடுகிறது.

அந்த நொடிகளை உள்ளேயிருந்து பார்த்து எழுதி வைத்தவர் ஒருவர் இருக்கிறார். இங்கிலாந்து அரசர் முதலாம் ஜேம்ஸின் தூதராக வந்த சர் தாமஸ் ரோ. 1617 செப்டம்பரில் மாண்டுவில் ஜஹாங்கீரின் பிறந்தநாள் எடைபோடலை நேரில் பார்த்தார். பெரிய தராசின் ஒரு தட்டில் பாதுஷா சம்மணமிட்டு உட்கார, மறு தட்டில் முதலில் வெள்ளி, பிறகு தங்கமும் நகையும், பிறகு துணி, வாசனைப் பொருள், கடைசியில் தானியம், வெண்ணெய் என்று மாற்றி மாற்றி ஏற்றினார்கள். வெள்ளிக் கணக்கில் பாதுஷாவின் எடை 9,000 ரூபாய் என்று ரோ கேள்விப்பட்டார். நான் அங்கேயே மொபைலில் பெருக்கிப் பார்த்தேன். நூறு கிலோவைத் தாண்டுகிறது. மொகலாய ஓவியங்களில் பார்க்கிற உடம்புக்கு இது கொஞ்சம் அதிகம். உடையும் நகையும் சேர்ந்திருக்கும், இல்லையென்றால் யாரோ ரவுண்டு பண்ணியிருப்பார்கள்.

ரோவை எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் அடுத்த வரி. தங்கமும் நகையும் என்று சொல்லித் தட்டில் ஏற்றியவை பைகளில் கட்டியிருந்தன, நான் எதையும் கண்ணால் பார்க்கவில்லை, உள்ளே கூழாங்கல் இருந்தாலும் இருக்கலாம் என்று எழுதிவிட்டார். கட்டிய பையை எண்ணாமல் நம்பாத மனிதர். எங்கள் கவுண்டரில் உட்கார வைத்திருக்கலாம்.

எடைபோடல் முடிந்ததும் பாதுஷா சிம்மாசனத்தில் ஏறினார். பாதாம், கொட்டை, பழம், மசாலா என்று சகல உருவங்களிலும் மெல்லிய வெள்ளியில் செய்தவை தட்டுத் தட்டாக வந்தன. அவற்றை அள்ளி வீசினார். பெரிய பெரிய பிரபுக்கள், ஆயிரக்கணக்கில் குதிரைப்படை வைத்திருந்தவர்கள், தரையில் வயிறு படியக் கவிழ்ந்து பொறுக்கினார்கள். ரோ மட்டும் குனியவில்லை. பாதுஷா அதைக் கவனித்து, ஒரு தட்டை எடுத்து அவருடைய மேலங்கியிலேயே கொட்டினார். உடனே பக்கத்திலிருந்த பிரபுக்கள் அங்கிக்குள் கையை விட்டு அள்ள ஆரம்பித்தார்கள். மிஞ்சியதை இவர் இறுக்கிப் பிடித்துக் காப்பாற்றினார். கொட்டியது ஆயிரக்கணக்கான துண்டுகள், ஆனால் மொத்த எடை அறுபது ரூபாய்கூட வராது, அத்தனை மெலிசு. இவர் கையில் மிஞ்சியது இருபது ரூபாய் எடை. அதாவது கால் கிலோவுக்கும் கீழே. பார்வைக்கு ஒரு தட்டு நிறைய.

இதை அப்படியே மதினிக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, குனியலைன்னா பெரிய ஆளா? கடைசியில துணிய விரிச்சு வாங்கிக்கிட்டாருல்லா" என்றார்கள். நான் ரோவின் பக்கம் பேச நினைத்தேன். என்ன சொல்வது?

பிரபுக்களுக்கு அந்த வெள்ளிப் பாதாம் ஒரு பொருட்டே இல்லை. வீட்டில் மூட்டை மூட்டையாக இருக்கும். ஆனாலும் கவிழ்ந்தார்கள். கவிழ்வதுதான் அங்கே கட்ட வேண்டிய பணம். வீசியவர் மேலே, பொறுக்கியவர் கீழே என்பது எல்லோர் கண்முன்னும் ஒருமுறை எழுதிக் காட்டப்பட்டது. அதற்கு எதற்குக் கனமான வெள்ளி?

அதே தர்பாரில் காசு எதிர்த்திசையிலும் போனது. பாதுஷாவைப் பார்க்கப் போகிறவர்கள் வெறுங்கையோடு போக முடியாது. மொஹரோ ரூபாயோ காணிக்கை வைக்க வேண்டும். அதுதான் நஜரானா. இதற்கென்று தனியாக அடித்த நாணயங்களைப் பார்த்தால் உடனே அடையாளம் தெரிந்துவிடும். சாதாரண மொகலாய ரூபாயில் எழுத்து பாதி வெட்டுப்பட்டிருக்கும். அச்சு பெரியது, அதன் கீழே வைக்கும் வெள்ளி வில்லை சின்னது, அதனால் வாசகத்தின் ஒரு பகுதிதான் காசில் விழும். மியூசியத்தில் வரிசையாக இருக்கும் ரூபாய்களில் ஊர்ப் பெயர் ஒன்றில் தலையில்லாமலும் ஒன்றில் வாலில்லாமலும் இருப்பது இதனால்தான். நஜரானாவுக்கு மட்டும் வில்லையை அகலமாகத் தட்டி, முழு வாசகமும் ஓரத்துப் பூ வேலையும் விழும்படி நிதானமாக அடிப்பார்கள். ராஜாக்களிடம் இந்த வழக்கம் வெகுகாலம் இருந்தது. ஜெய்ப்பூரில் இருபதாம் நூற்றாண்டில்கூட அகலமான நஜரானா ரூபாய்கள் அடித்தார்கள். ஆக, கீழேயிருந்து மேலே போகும் காசுக்கு முழு எழுத்து. மேலேயிருந்து கீழே வந்தது அரை எடை, கால் எடை. இரண்டையும் அக்கம்பக்கமாக நினைத்துப் பார்த்தபோது என் எரிச்சலுக்குக் காரணம் கொஞ்சம் தெளிந்தது. தலைப்பு இல்லாத செலவாக எனக்குத் தோன்றியதில் லாபம்தான் இருந்திருக்கிறது.

ரோவை அனுப்பிய நாட்டிலும் சடங்குக் காசு உண்டு. ஈஸ்டருக்கு முந்தைய வியாழக்கிழமை, அரசருக்கு எத்தனை வயதோ அத்தனை முதிய ஆண்களுக்கும் அத்தனை பெண்களுக்கும் வெள்ளியில் 1, 2, 3, 4 பென்னி நாணயங்கள் போட்ட சுருக்குப்பை கொடுப்பார்கள். இன்றும் நடக்கிறது. பழங்காலத்தில் அன்று அரசரே ஏழைகளின் காலைக் கழுவுவார். அங்கே குனிந்தது கொடுப்பவர். கழுவுவது பிற்பாடு நின்றுபோய் காசு மட்டும் மிஞ்சியது. அதிலும் ஒன்றைக் கவனியுங்கள், காசு கையில் வைக்கப்படுகிறது.

வெளியே வந்து படியில் உட்கார்ந்ததும் மதினி நான் எதிர்பார்த்த கேள்வியைக் கேட்டார்கள். நாணயத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரியும் என்று வாயைத் திறந்தால் எல்லோரும் கேட்பதுதான். "எங்க அண்ணன் வீட்டுல ஒரு ராமர் பட்டாபிசேகக் காசு கெடக்கு. கம்பேனி காசு, 1818னு போட்டிருக்கு. அரிசிய இழுக்குமாம். ஒருத்தன் பத்து லட்சத்துக்குக் கேட்டானாம், குடுக்கலாமா?"

இதைச் சத்தமாகவே எழுதுகிறேன். கிழக்கிந்தியக் கம்பெனி 1818-ல் ராமர் படம் போட்ட செப்புக் காசு எதையும் வெளியிடவில்லை. கம்பெனி தன் ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே மாதிரி நாணயம் கொண்டுவந்ததே 1835-ல்தான். சென்னையில் அதற்கு முன்னால் சுவாமி உருவம் போட்ட தங்க வராகன் கம்பெனியாராலும் அடிக்கப்பட்டது உண்மை, மூன்று சுவாமி வராகன் என்பார்கள். அது வேறு. ராமரும் அனுமாரும் அரை அணா என்ற எழுத்துமாகக் கிடைப்பவை எல்லாம் பூஜை அறைக்காகவும் யாத்திரை போகிறவர்களுக்காகவும் பிற்காலத்தில் செய்து விற்ற வில்லைகள், அல்லது ஏமாற்றுவதற்கென்றே செய்தவை. ராமடங்கா என்ற பெயரில் கோயில் வில்லைகள் பழங்காலம் முதல் இருக்கின்றன, அவற்றுக்குப் பூஜை மதிப்பு உண்டு, நாணய மதிப்பு இல்லை. ராமரை நாணயத்தில் பொறித்த பாதுஷா ஒருவர் உண்டு, ஜஹாங்கீரின் அப்பா அக்பர். ஆட்சியின் கடைசியில், 1604-05 வாக்கில், வில்லேந்திய ராமரும் பின்னால் சீதையுமாகத் தங்கத்தில் அரை மொஹரும் வெள்ளியில் அரை ரூபாயும் அடித்தார். உலகத்தில் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கின்றன. மதினியின் அண்ணன் வீட்டில் இல்லை. அரிசியை எந்தக் காசும் இழுக்காது. பத்து லட்சத்துக்குக் கேட்கிறவன் அடுத்து 'டெஸ்ட் பண்ண' ஐம்பதாயிரம் கேட்பான், அவ்வளவுதான் விஷயம். அண்ணனுக்கு அப்போதே போன் போட்டுச் சொன்னார்கள். அவர் நம்பவில்லை என்பது அவருடைய குரலிலேயே தெரிந்தது.

சரி, வீசுவதற்கு வருவோம். இதெல்லாம் பாதுஷாவோடு போனது என்று நினைக்க முடியாத ஊர் மும்பை. தை, மாசி, வைகாசி என்று கல்யாண சீசனில் ஏதாவது ஒரு மெயின் ரோட்டில் ராத்திரி எட்டு மணிக்கு நின்று பாருங்கள். குதிரை மேல் மாப்பிள்ளை, முன்னால் பேண்டு, சொந்தக்காரர் ஒருவர் பத்து ரூபாய்க் கட்டை மாப்பிள்ளையின் தலையைச் சுற்றிச் சுழற்றி மேலே விடுவார். திருஷ்டி கழிப்பது அது. பேண்டுக்காரப் பையன்கள் ஒரு கையில் டிரம்பெட்டைப் பிடித்துக்கொண்டு, வாசிப்பை நிறுத்தாமல், மறு கையால் தரையில் துழாவுவார்கள். அந்தப் பத்து ரூபாய்க் கட்டுகளைக் கொடுத்தது எங்கள் கவுண்டர்தான். புதுக் கட்டு வேண்டும் என்று காலையில் மேனேஜர் கேபினிலிருந்தே போன் வரும். நூறு நோட்டு ஒரு செக்‌ஷன், பத்து செக்‌ஷன் ஒரு பண்டல், பண்டல் பண்டலாக வாங்கிப் போவார்கள். சில நாள் கழித்து அதே சீரியல் நோட்டுகள் செருப்புத் தடத்தோடும் கோகோ கோலா கறையோடும் எங்களிடமே திரும்பி வரும். அழுக்கு நோட்டு என்று தனியாகக் கட்டி அனுப்புவோம். அச்சடித்து ஒரு கடையைக்கூடப் பார்க்காமல் செத்துப்போகிற நோட்டுகள் அவை.

டான்ஸ் பார் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மகாராஷ்டிர அரசு 2016-ல் கொண்டுவந்த சட்டம், ஆடும் பெண்கள் மேல் நோட்டும் காசும் எறிவதைத் தடை செய்தது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் பல கட்டுப்பாடுகளைத் தளர்த்தியபோதும் இந்த ஒன்றை அப்படியே வைத்தது: டிப்ஸ் கொடுக்கலாம், எறியக் கூடாது. தீர்ப்பு வந்த நாளில் கேண்டீனில் எல்லோரும் சிரித்தார்கள். "ரெண்டுக்கும் என்னம்மா வித்தியாசம், பணம் ஒண்ணுதானே" என்றார் ஒரு சக ஊழியர். நான் அன்று பதில் சொல்லவில்லை. இப்போது சொல்வேன்: தொகையும் ஒன்று, ஆளும் ஒன்று, கையின் கோணம் மட்டும் வேறு. அந்தக் கோணத்தைத்தான் நீதிமன்றம் பார்த்தது. ரிசர்வ் வங்கியும் மக்களுக்கு விடுக்கும் வேண்டுகோளில் மூன்றைச் சேர்த்துச் சொல்லும்: நோட்டில் மாலை கட்டாதீர்கள், பந்தலை அலங்கரிக்காதீர்கள், நிகழ்ச்சிகளில் பிரமுகர்கள் மேல் நோட்டைத் தூவாதீர்கள். அவர்களுடைய கவலை நோட்டின் ஆயுள் பற்றியது. அதுவும் நியாயம்தான். நோட்டுக் கட்டில் ஸ்டேப்ளர் பின் அடிக்காதே, பேப்பர் பேண்டு போடு என்று 2001 நவம்பரில் உத்தரவு வந்த பிறகுதான் எங்கள் கட்டைவிரல் நகங்கள் பிழைத்தன. மாலை கட்டுகிறவர்கள் மட்டும் இன்றுவரை பின்னை விடவில்லை.

மறுநாள் கல்யாணத்துக்கு மதினி கொண்டுவந்திருந்த மொய்க் கவரில் மூலையில் ஒரு ரூபாய் நாணயம் ஒட்டியிருந்தது. கடையில் அப்படியே விற்கிறார்கள். ஆனால் மதினிக்கு நாணயத்தைவிட ஒரு ரூபாய் நோட்டுதான் உசத்தி, ஒரு ரூபாய் நோட்டு புதுசாகக் கிடைக்குமா என்று ஊரிலிருந்தே கேட்டுவிட்டிருந்தார்கள். 1994-ல் அச்சடிப்பதை நிறுத்தி 2015 மார்ச்சில் திரும்பக் கொண்டுவந்தார்கள். ரிசர்வ் வங்கி கவர்னரின் கையெழுத்து அதில் இருக்காது, நிதிச் செயலாளரின் கையெழுத்துதான். அரசாங்கம் நேரடியாக வெளியிடுவது. நாணயச் சட்டப்படி அந்த நோட்டும் ஒரு 'நாணயம்'தான், காகிதமாக இருந்தாலும். இதைக் கொடுத்து யாரும் டீ வாங்கிப் பார்த்ததில்லை. புதுக் கட்டு என்றால், மொத்தமே நூறு ரூபாய் பெறும் அந்தக் கட்டை அதைவிடப் பல மடங்கு கொடுத்து வெளியில் வாங்குகிறார்கள். நம் காலத்து நிசார் எது என்று கேட்டால் இதைக் காட்டலாம் என்று நினைத்தேன், பிறகு வேண்டாம் என்று தோன்றியது. இதை யாரும் எறிவதில்லை.

எங்கள் பக்கம் மாப்பிள்ளைக்குச் சுருள் வைப்போம். வெற்றிலையோடு பணத்தைச் சேர்த்துத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுப்பது. வாங்குகிறவர் இரண்டு கையால் வாங்க வேண்டும், கொடுக்கிறவரும் இரண்டு கையால். மொய் அதைவிடக் கறார். நோட்டும் பேனாவுமாக மேசை போட்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஊர், பெயர், தொகை. நீங்கள் இன்று எழுதியது உங்கள் வீட்டு விசேஷத்தில் கொஞ்சம் கூடுதலோடு திரும்பி வரும். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடி ஆவணியில் மொய் விருந்து என்று கறிச்சோறு போட்டு, எண்ணும் மெஷின் வைத்துக் கோடிக்கணக்கில் வசூலாகும். கல்யாணமோ காதுகுத்தோ வேண்டியதில்லை, வர வேண்டிய பாக்கியைக் கூப்பிட்டு வாங்குவதுதான் விசேஷமே. படித்தவர்கள் சிலர் இதைக் கேலி பேசுவார்கள், அன்பைக் கணக்கில் எழுதுகிறார்களே என்று. எழுதட்டும். எழுதினால்தான் யாரும் யாருக்கும் கீழே இல்லை. பாதுஷா வீசிய வெள்ளியை எவனாலும் திருப்பித் தர முடியாது.

இதையெல்லாம் சயான் மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கும்போது மதினியிடம் சொன்னேன். மதினி முழுசாகக் கேட்டுவிட்டு ஒத்துக்கொள்ளவில்லை.

"எங்க ஊருக் கோயில் கொடையில சூறை விடுவாவ. வாழப்பழம், முறுக்கு, சில்லறைக் காசு. நான் சின்னப்புள்ளையில விழுந்து பொறுக்கியிருக்கேன். முட்டியெல்லாம் சிராய்ப்பு. அஞ்சு பைசா கெடைச்சாலும் அது வேற சந்தோசம். அதுல என்ன கீழ மேல?"

"எறிஞ்சது யாரு மதினி?"

"பண்ணையார்தான். அவரு வீட்டு நேர்ச்சை."

"பொறுக்கினது?"

"எல்லாரும். அவரு வீட்டுப் புள்ளையளுந்தான் விழுந்து பொறுக்கிச்சு. எறிஞ்சது அவரு கை, காசு சாமி காசு."

பண்ணையார் வீட்டுப் பிள்ளைகளும் பொறுக்கின என்பதை நான் எதிர்பார்க்கவில்லை. மாண்டுவில் பாதுஷாவின் பிள்ளைகள் யாரும் வயிறு படியக் கவிழ்ந்ததாக ரோ எழுதவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வெளியே டோல் சத்தம். மாப்பிள்ளையின் ஆபீஸ் நண்பர்கள் ஆட ஆரம்பித்திருந்தார்கள், ஒருவர் பாக்கெட்டிலிருந்து நோட்டை எடுத்துச் சுழற்றினார். மாப்பிள்ளையின் தாய்மாமா, தூத்துக்குடிக்காரர், வேகமாகப் போய் அந்தக் கையைப் பிடித்து, நோட்டை வாங்கி டோல் அடிக்கிறவரின் சட்டைப் பையில் வைத்தார். கோபமாக எல்லாம் இல்லை, சிரித்துக்கொண்டேதான். டோல்காரர் தலையசைத்துவிட்டு இன்னும் பலமாக அடித்தார்.

மொய் மேசையில் க்யூஆர் கோடும் வைத்திருந்தார்கள். இளவட்டங்கள் எல்லாம் 1,001 என்று ஜிபேயில் அனுப்பிவிட்டு சாப்பிடப் போனார்கள், ஒற்றை ரூபாய் மட்டும் விடாமல் கூடவே போகிறது. மதினி கவரைத்தான் நீட்டினார்கள். எழுதுகிற பையன் மும்பையில் பிறந்தவன், தமிழ் எழுத்துக்கூட்டி எழுதினான். பெயரை எழுதி, ஊர் என்ற இடத்தில் பாளையங்கோட்டை என்று போட்டான்.

"இது இல்லய்யா. அது இப்ப இருக்க ஊரு. சொந்த ஊரப் போடு, அப்பதான் இவியளுக்குத் தெரியும் எந்த வீடுன்னு." 

பையன் அடித்துவிட்டு மேலே எழுதினான். மதினி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டைத் தன் பக்கம் திருப்பி வாசித்தார்கள். ஊர்ப் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. அதையும் போடவைத்துவிட்டுத்தான் பந்திக்கு வந்தார்கள்.